விளக்கு வழி காட்டவே!

வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டப்பட்டுள்ள அலங்கார விளக்குகளையும் ஏனைய பொருள்களையும் அகற்றும் நடவடிக்கையைப் பொலிசார் 2025 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆரம்பித்தனர். அரசாங்கத்தின் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கிய கையோடு இந்நடவடிக்கையும் வந்தது. தனியார் பஸ் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். முச்சக்கர வண்டிச் சாரதிகள் தங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று முறையிட்டனர். பின்னர் பேச்சுவார்த்தை நடந்தது. அவற்றைக் கழற்றிக்கொள்ளத் தவணையும் அளிக்கப்பட்டது. ஆனால் அன்று மூண்ட வாதம் மட்டும் இன்றுவரை தணிந்தபாடில்லை.

'விபத்துக்களுக்கெல்லாம் காரணம் இந்த ஆடம்பரங்களே; அவற்றைப் பிடுங்கி எறிந்தால் நாடு உருப்படும்' என்கின்றனர் ஒரு சாரார். 'எமது பணத்தில் வாங்கிய வண்டியில் எமக்குப் பிடித்த விளக்கை மாட்டுகிறோம். இதைக் கேட்க இவர்கள் யார்?' என்கின்றனர் மறு சாரார். இவ்விரு சாராரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைக் கையிற் பற்றிக்கொண்டு நிற்கின்றனர் என்பதே நமது கருத்து. முழு உண்மையைக் காண விரும்புவோர் கொழும்பு வீதிகளை விட்டு, பூண்டுலோயாப் பாதையில் ஒரு மாலைப் பொழுதில் நின்று பார்க்க வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா வழியாகத் தவலந்தென்னைக்கு இறங்கும் பாதை எத்தகையது என்பதை நமது வாசகர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. ஒரு புறம் தேயிலை மலை. மறு புறம் பள்ளம். வளைவுக்கு வளைவு எதிரே வருவது யாதென்று தெரியாது. மாலை நான்கு மணிக்கே பனி மூட்டம் இறங்கிவிடும். நகரத்தைத் தாண்டினால் தெருவிளக்கு அருமை. பல இடங்களில் நடைபாதை என்பதே கிடையாது. அந்தப் பாதையின் ஓரத்தில்தான் வேலை முடிந்து திரும்பும் பெண்கள் வரிசையாக நடக்கின்றனர். பாடசாலைப் பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து லயத்துக்குத் திரும்புவதும், காலையில் இருள் விலகுமுன் பிரட்டுக்குத் தொழிலாளர் செல்வதும் அந்தப் பாதையிலேதான். கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிய லொறிகள் இரவோடிரவாகத் தம்புள்ளைச் சந்தைக்கு இறங்குவதும் இம்மலைப் பாதைகளிலேதான்.

இத்தகைய பாதையில் வண்டியின் விளக்கு வெறும் அலங்காரப் பொருளாகுமா? இல்லை. அது ஒரு மொழி. பேச இயலாத தூரத்தில், முகம் தெரியாத இருளில், ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொல்லும் செய்தி அது. வெள்ளை ஒளி தெரிந்தால் வண்டி நம்மை நோக்கி வருகிறது. சிவப்பு ஒளி தெரிந்தால் நமக்கு முன்னே போகிறது. சிவப்பு திடீரெனப் பிரகாசித்தால் முன்வண்டி தடுப்பை அழுத்துகிறது. மஞ்சள் விட்டு விட்டு மின்னினால் திரும்பப் போகிறது. நீலமும் சிவப்பும் மாறி மாறி மின்னினால் நோயாளர் வண்டியோ பொலிஸ் வண்டியோ விரைகிறது. ஒதுங்கி வழிவிட வேண்டும். எழுத்தறியாத முதியவரும் இந்த மொழியை அறிவார். 1968 ஆம் ஆண்டில் வியன்னா நகரில் உலக நாடுகள் கூடி இயற்றிய வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையும், வண்டியின் முன்புறத்தில் சிவப்பு ஒளி தெரியலாகாது என்ற விதியை வகுத்திருப்பது இதன் பொருட்டேயாம்.

இந்த மொழியைக் குழப்புவோர் யார்? முன்புறத்தில் சிவப்பும் பச்சையும் ஊதாவும் ஓட விடுவோர். தடுப்பு விளக்கை ஓயாது மினுக்க விடுவோர். திருப்பச் சமிக்ஞைக்கு அருகிலேயே வேறொரு மஞ்சள் விளக்கைக் கண்சிமிட்ட விடுவோர். தோட்டத்திலே ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை கண்டு, '1990 சுவசெரிய' வண்டி நீல விளக்குடன் மலையேறி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னே சென்ற பத்து வண்டிகளும் வேடிக்கைக்காக நீல விளக்கை மின்னவிட்டிருந்தால், பதினோராவதாக வரும் உண்மை விளக்கை எவர் மதிப்பர்? பொய்யான கூக்குரலைப் பல முறை கேட்டவன் மெய்யான கூக்குரலுக்கு ஓடி வருவானா?

அடுத்தது, கண் கூசும் கேடு. நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் பதினொரு மீற்றர் கடக்கிறது. எதிர் வண்டியின் வெளிச்சத்தால் கண் மங்கிய சாரதிக்குப் பார்வை மீள மூன்று வினாடி பிடித்தாலும், அவர் முப்பத்து மூன்று மீற்றர் தூரத்தைக் குருடராகவே கடக்கிறார். பூண்டுலோயாப் பாதையில் முப்பத்து மூன்று மீற்றருக்குள் ஒரு வளைவும், ஒரு மதகும், கொழுந்துக் கூடையுடன் இரண்டு பெண்களும் இருக்கக்கூடும். வயது முதிர்ந்தவர்களின் கண் தெளிய இன்னும் அதிக நேரமாகும் என்பதை வைத்தியர்கள் அறிவர்.

பனி மூட்டத்தின் தன்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூடுபனியில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து, விளக்கைப் போட்டவரின் கண்ணுக்கே அதைத் திருப்பி அனுப்புகின்றன. உயரத்தில் பூட்டிய வீரியமான விளக்கு, பாதையைக் காட்டாது முன்னே ஒரு வெள்ளைச் சுவரைத்தான் எழுப்பும். முறையான பனி விளக்கு வண்டியின் கீழ்ப் பாகத்திலே பொருத்தப்பட்டு, தாழ்ந்தும் அகன்றும் ஒளி வீசுவது இதனாலேயே. ஆகவே, 'பனிக்காகத்தான் கூரையிலே நாலு விளக்குப் போட்டேன்' என்று கூறும் சாரதி தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

இந்தக் கேடு பெருகியதற்கு ஒரு காரணம் விஞ்ஞானம் தந்த மலிவு. நீல ஒளி தரும் எல்.ஈ.டி. விளக்கை ஆக்கியமைக்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014 ஆம் ஆண்டில் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிறிதளவு மின்சாரத்தில் பேரொளி தரும் வெள்ளை விளக்கு உலகுக்குக் கிடைத்தது அந்த ஆராய்ச்சியால்தான். மானிட குலத்துக்கு அது பெரும் பேறு. ஆனால் அதே விளக்கைப் பழைய வண்டியின் முன்விளக்குக் கூட்டுக்குள் திணித்தால் என்ன நேரும்? அந்தக் கூட்டின் உட்குழிந்த ஆடி, பழைய மின்குமிழின் சிறு இழை இருக்க வேண்டிய ஒரே இடத்தைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் சிறிது பிசகினாலும் கதிர்கள் பாதையில் விழாமல் எதிரே வருபவரின் முகத்தில் விழும். பாதுகாப்பு உருகி இல்லாமல் இழுத்துக் கட்டும் வயர்கள் சூடேறித் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

நமது நாட்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமாகும். இடையிடையே திருத்தங்கள் வந்தபோதிலும் அதன் அத்திவாரம் இழை மின்குமிழ் காலத்தது. விஞ்ஞானம் ஓடுகிறது, சட்டம் நொண்டுகிறது. எவ்விளக்கு தகும், எவ்விளக்கு தகாது என்பதை இக்காலத்துக்கேற்பத் தெளிவாகச் சொல்லாதவரை, வீதியில் நிற்கும் பொலிஸ்காரரின் அபிப்பிராயமே சட்டமாகிவிடும். அபிப்பிராயம் சட்டமாகும் இடத்தில் கையூட்டு நுழைய வெகுநேரம் ஆகாது.

இவ்வளவும் கூறியபின் சாரதிகளின் பக்கத்து நியாயத்தையும் கூறாது விட்டால் நாம் நடுவு நிலைமை தவறியவர்களாவோம்.

பூண்டுலோயாவிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞன் யார்? கொழுந்தெடுத்த தாயின் மகன். கொழும்புக் கடைகளில் சில காலம் உழைத்துச் சேர்த்த பணத்தை முதலாகக் கட்டி, மிகுதிக்கு லீசிங் கடன் பட்டு, சொந்தமாக ஒரு வண்டிக்கு உரியவனானவன். அவன் குடும்பத்தில் முதன்முதலாகத் தொழிலுக்குத் துரையில்லாத மனிதன் அவன். தேர்த் திருவிழாவில் மாரியம்மன் பவனி வரும்போது மின்விளக்குகள் ஓடி விளையாடுவதைக் கண்டு வளர்ந்தவன், தன் வண்டியையும் சிங்காரித்துப் பார்க்க ஆசைப்படுகிறான். அந்த ஆசையை நாம் பழிக்க மாட்டோம். அவனுடைய விளக்கைக் கண்டு நகைப்போர் அவனுடைய லயத்து இருளைக் கண்டு ஒரு நாளாவது வெட்கியதுண்டா?

மேலும், அவன் மாட்டியவை யாவும் சிங்காரத்துக்காக மாட்டப்பட்டவையும் அல்ல. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளையே ஒட்டியும் தைத்தும் ஓட்டினார்கள். கண்ணாடி மங்கி முன்விளக்குச் சோர்ந்த வண்டியுடன், குழியும் குண்டுமான தோட்டப் பாதையில் நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்ல வேண்டியவன், கடையில் கிடைத்த விளக்கை வாங்கிப் பூட்டினான். அவன் தவறு செய்தான் என்றால், அத்தவறில் பாதி பாதையைச் செப்பனிடாதவர்களையே சேரும்.

இங்கே 2025 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் திகதியை நினைவூட்டுவது நமது கடமை. அன்று விடியுமுன், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று, இறம்பொடைக்கு அருகே கெரண்டியெல்லவில் பாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் வீழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது பூண்டுலோயாவுக்கு அயலிடம், கொத்மலை மண். அந்தத் துயரத்தை அலங்கார விளக்கின் தலையில் சுமத்த நாம் முயல மாட்டோம். அப்படிச் செய்வது இறந்தவர்களுக்கு இழைக்கும் துரோகம். அளவுக்கு மீறி ஏற்றிய பயணிகள், விடியற்காலப் பயணம், மலைப் பாதையின் விளிம்பு என்பன எழுப்பும் கேள்விகள் வேறு. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் 'தித்வா' புயல் மலைநாட்டைச் சின்னாபின்னமாக்கி, மண்சரிவுகளால் பாதைகளையே அறுத்துச் சென்றது. இவ்வளவு காயம்பட்ட பாதைகளை வைத்துக்கொண்டு, வண்டியிலிருந்து நாலு வர்ண விளக்கைக் கழற்றிவிட்டால் வீதிப் பாதுகாப்பு வந்துவிடும் என்று எந்த அமைச்சராவது கூறுவாராயின், அவர் மக்களை ஏய்க்கிறார் என்றே சொல்வோம். விளக்கைக் கழற்றுவது வேண்டிய காரியம். ஆனால் அது முதற்படி மட்டுமே.

அயல்நாட்டில் நடந்தவற்றையும் நோக்குவோம். கேரளத்தின் வடக்கஞ்சேரியில் 2022 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் திகதி இரவு, பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு ஏற்றிச் சென்ற பஸ், அரசாங்க பஸ்ஸின் பின்புறத்தில் மோதியது. ஒன்பது பேர் மாண்டனர். அங்கும் முதற் குற்றம் வேகமே. எனினும் வர்ண விளக்கும் பேரிரைச்சலும் பூண்டு சட்டத்தை எள்ளி நகையாடிய சுற்றுலா பஸ்களை அது வரை கண்டும் காணாதிருந்த அதிகாரிகளை, அம்மாநில உயர் நீதிமன்றம் தட்டி எழுப்பியது. சிறு விதியை மீறியவனைக் கண்டும் விட்டால், அவன் பெரு விதியையும் மீறத் துணிவான் என்பது அங்கே கிடைத்த பாடம்.

கோயம்புத்தூர் எலும்பு முறிவு வைத்திய நிபுணர் எஸ். இராஜசேகரன், வீதி விபத்துக்களைத் தடுக்க வேண்டி 2012 ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கிலே 2025 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்நீதிமன்றம், கண்ணைக் கூசச் செய்யும் முன்விளக்குகளுக்கு அளவு விதிக்கவும், அனுமதியற்ற சிவப்பு நீல மின்னல் விளக்குகளை அறவே ஒழிக்கவும் பணித்தது. ஒரு தமிழ் வைத்தியர் தொடுத்த வழக்கு ஒரு பெரும் நாட்டுக்கே விதி வகுத்திருக்கிறது. நமது மலையகத்திலும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் பெருகியுள்ளனர். அவர்கள் இதனைச் சிந்தையில் இருத்துவார்களாக.

அதைவிட முக்கியமான செய்தி இன்னொன்றுண்டு. இந்தியாவில் அமைச்சர்களும் அதிகாரிகளும் தங்கள் காரின் கூரையில் சிவப்புச் சுழல் விளக்கு வைத்து ஊரை விரட்டிய காலம் ஒன்றிருந்தது. 2017 ஆம் ஆண்டு மே முதலாம் திகதி முதல் அவ்வுரிமை ஒழிக்கப்பட்டது. முதலில் மேலே உள்ளவனின் விளக்கை இறக்கிவிட்டால், கீழே உள்ளவனின் விளக்கைக் கழற்றச் சொல்ல அரசாங்கத்துக்கு வாயுண்டு. இலங்கையில் நிலைமை யாது? பிரமுகர் பவனி வரும்போது மின்னும் விளக்குக்கும் அலறும் ஒலிக்கும் நாம் ஒதுங்கி நின்று பழகியிருக்கிறோம். அத்தனையும் சட்டத்தின் அளவுகோலால் அளக்கப்படட்டும். சட்டம் சிலந்தி வலையாகிவிடக் கூடாது. சிறு பூச்சி சிக்கிக்கொள்ள, பெரு வண்டு வலையைக் கிழித்துப் பறக்கலாகாது.

மொழிப் பிரச்சினை இதிலும் உண்டு. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியென்றது. 1999 ஆம் ஆண்டில் கொத்மலை உட்பட நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஏட்டிலே எல்லாம் செம்மை! ஆனால் வீதியிலே, தண்டப் பத்திரத்தை வாங்கிய தமிழ் இளைஞன் தான் செய்த குற்றம் யாதென்று வாசித்தறிய முடியாமல் அயலாரிடம் கேட்டுத் திரியும் நிலை மலையகத்தில் மறைந்துவிட்டதா? தனக்குப் புரியாத மொழியில் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குச் சட்டத்தின்மீது மதிப்புப் பிறக்காது, பயம்தான் பிறக்கும். பயத்தால் விளக்கைக் கழற்றியவன், பொலிஸ்காரர் அப்பால் போனதும் மீண்டும் மாட்டுவான்.

மற்றொரு ஓரவஞ்சனையையும் சுட்டிக் காட்டுவோம். இந்த விளக்குகள் வானத்திலிருந்து விழவில்லை. கப்பலில் வந்தன, சுங்கத்தைக் கடந்தன, கடைகளில் பகிரங்கமாகத் தொங்குகின்றன. விற்பவனுக்கு இலாபம், அரசாங்கத்துக்கு வரி, வாங்கியவனுக்கு மட்டும் தண்டமா? ஊற்றை அடைக்காமல் வாய்க்காலை அடிக்கும் இந்த வித்தையை எந்த விவசாயியும் கண்டு சிரிப்பான்.

ஆகவே நாம் வேண்டுவன இவை.

முதலாவது: விளக்குகளை மூன்று வகையாகப் பிரித்து, படங்களுடன், தமிழிலும் சிங்களத்திலும் வர்த்தமானியிலும் துண்டுப் பிரசுரங்களிலும் வெளியிட வேண்டும். கண்ணைக் கூசச் செய்வனவும் சமிக்ஞையின் பொருளைக் குழப்புவனவும் முற்றாகத் தடை. வண்டி தரித்து நிற்கையில் மட்டும் ஏற்றத்தக்கவை ஒரு வகை. வெளியே ஒளி சிந்தாது, சாரதி முன்னே சுவாமி படத்துக்கு எரியும் சிறு விளக்குப் போன்ற தீங்கற்றவை மற்றொரு வகை; இவற்றில் பொலிசார் கை வைக்கலாகாது.

இரண்டாவது: தடை செய்யப்படும் விளக்குகளின் இறக்குமதியும் விற்பனையும் முதலில் நிறுத்தப்பட வேண்டும். கடைக்காரனைத் தொடாத சட்டம் சாரதியைத் தொடலாகாது.

மூன்றாவது: ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்காக வண்டிகள் புகைப் பரிசோதனைக்குச் செல்கின்றன. அங்கேயே முன்விளக்கின் சாய்வையும் வீரியத்தையும் கட்டணமின்றிப் பார்த்துச் சரிசெய்து கொடுக்கலாம். நடுவீதியில் நிறுத்தி அவமானப்படுத்துவதிலும் பார்க்க இது எவ்வளவோ மேல்.

நான்காவது: முதற் குற்றத்துக்குத் தண்டம் வேண்டாம், தமிழில் எழுதிய எச்சரிக்கையும் கழற்றத் தவணையும் போதும். இரண்டாம் முறையும் அதே விளக்கோடு அகப்படுவோனுக்கு இரக்கம் வேண்டியதில்லை.

ஐந்தாவது: மலைநாட்டு வளைவுகளில் ஒளி தெறிக்கும் குறிகளும், பள்ளத்தின் ஓரத்தில் தடுப்புச் சுவர்களும், தோட்ட மக்கள் நடக்கும் இடங்களில் தெருவிளக்கும் அமைக்கப்பட வேண்டும். பாதை ஒளி பெற்றால் வண்டிக்கு மிகை ஒளி தேவைப்படாது.

நமது சாரதி இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பிமாரே! உங்கள் வண்டி அழகாயிருக்கட்டும். நல்ல வர்ணம் பூசுங்கள், மெத்தையைத் தையுங்கள், கண்ணாடியைத் துடைத்து வையுங்கள். ஆனால் முன்விளக்கைத் தாழ்த்துங்கள். பொய் பேசும் விளக்குகளைப் பொலிஸ்காரர் வருமுன் நீங்களே கழற்றுங்கள். எதிரே பனிக்குள் கூடையுடன் நடந்து வருவது யாரோ அல்ல, உங்கள் தாய். அவள் கண்ணைக் கூசச் செய்யும் ஒளி உங்களுக்கு என்ன பெருமையைத் தரும்?

தோட்டத் தலைவர்களும் ஆலய பரிபாலன சபையாரும் சங்கங்களும் இதனைத் தத்தம் கூட்டங்களில் பேச வேண்டும். மரக்கறி லொறி அனுப்பும் விவசாயிகள் தமது சாரதிகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சட்டத்தரணிகள் சட்டத்தை எளிய தமிழில் எழுதிப் பஸ் நிலையத்தில் ஒட்ட வேண்டும். அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருந்த சமூகம் எதுவும் முன்னேறியதாக வரலாறில்லை. அதற்காக அரசாங்கத்தின் கடமையை நாம் மன்னித்துவிடப் போவதுமில்லை.

விளக்கு வழி காட்டவே ஏற்றப்படுகிறது. வண்டியின் விளக்கு அதை மறந்தால் சட்டம் திருத்தட்டும். சட்டமே அதை மறந்து, கண்ணைக் கூசச் செய்து, ஏழையை மட்டும் விழத்தாட்டுமானால், அதைத் திருத்துவது மக்களின் கடன்.